மேல்நிலை வகுப்பில் ஊடகம்: தொழில் பயிற்சியா, சமூக அறிவா?

(கட்சிக் கல்விக் குழுவின் சார்பில் நடைபெற்ற ஆசிரியர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் ஊடகம் ஒரு பாடமாக எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அரசுப் பள்ளிகள் மூடப்படுகின்றன. ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக் கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. ஒப்பந்த ஆசிரியர்கள் தெருவில் நின்று போராடுகிறார்கள். இத்தனை பிரச்சனைகளுக்கு நடுவில் இப்படியொரு தலைப்புக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட வேண்டுமா என்று இங்கு வந்திருக்கும் தோழர்களில் சிலர் நினைக்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனவே இரண்டு நிகழ்வுகளை முதலில் நினைவூட்டுகிறேன்.

2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் ரயின்பாடா என்னும் கிராமத்தில் ஐந்து பேர் அடித்தே கொல்லப்பட்டனர். ஐவரும் நாத் பந்தி டவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தினர். பிச்சை கேட்டு ஊர் ஊராகச் செல்பவர்கள். அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று கருதிய கூட்டம் ஊராட்சி அலுவலக அறைக்குள் அடைத்து வைத்துத் தாக்கியது. வாட்ஸ்அப் வழியே வந்த வதந்தியே அக்கருத்தை ஊட்டியது. அந்த ஆண்டு நாடெங்கும் இதே வதந்தி பரவியது. பல மாநிலங்களில் பலர் மாண்டனர். அப்போது கைமாறிய காணொளிகளில் ஒன்று மிகப் பிரபலம். தெருவில் விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தையை மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தூக்கிச் செல்வார்கள். அது உண்மையில் பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து எடுக்கப்பட்ட ஒரு விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, பெற்றோருக்கான எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது நிகழ்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகளை எடுத்து இந்தப் பொய்க்குச் சாட்சியாக்கினார்கள். இந்தி நாளேடு ஒன்றும் அதை வழிமொழிந்தது. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்து கொண்டிருந்த தொழிலாளர்கள் அஞ்சி ரயில் ஏறினார்கள். தமிழ்நாடு காவல்துறை இந்தியில் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. பீகார் அரசு ஆய்வுக் குழுவை அனுப்பியது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. வெளியூரான் என்ற சொல் எப்போது ஆயுதமாகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இக்காணொளிகளைப் பார்த்தவர்களிலும் அனுப்பியவர்களிலும் பள்ளி மாணவர்கள் இல்லாமல் இருந்திருப்பார்களா? பதினாறு, பதினேழு வயதில் கையில் கைப்பேசி இருக்கிறது. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 1989 முதல் பதினெட்டு வயதில் வாக்குரிமையும் வந்துவிடுகிறது. இடையில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளி அவர்களுக்குச் செய்தியைப் பற்றி என்ன சொல்லித் தருகிறது?

நீக்கப்பட்ட அத்தியாயம்

சொல்லித் தந்து கொண்டிருந்தது என்பதுதான் விடை. என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் நூல்களில் ஒன்று, இந்தியாவில் சமூக மாற்றமும் வளர்ச்சியும் பற்றியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பை அடியொற்றி எழுதப்பட்ட நூல் அது. அதன் ஏழாவது அத்தியாயம் வெகுமக்கள் ஊடகம் பற்றியதாக இருந்தது. அச்சு இயந்திரம் எவ்வாறு தேசம் என்ற உணர்வை உருவாக்கியது என்பதில் தொடங்கி, 1821இல் ராம்மோகன் ராய் நடத்திய சம்பாத் கௌமுதி, விடுதலைக்குப் பின் வானொலி, தொலைக்காட்சி, உலகமயத்திற்குப் பின் ஊடகத்தின் உருமாற்றம் என்று அது விரிந்தது. ஈநாடு நாளேடு ஆந்திரக் கிராமங்களில் சாராய எதிர்ப்பு இயக்கத்தோடு தன்னை இணைத்துக் கொண்டு வளர்ந்த கதையும் அதில் இருந்தது. நாம் எழுதியிருந்தால் இன்னும் கூர்மையாக எழுதியிருப்போம், உண்மைதான். ஆயினும் ஊடகம் வானத்திலிருந்து இறங்கி வந்த பொருள் அன்று, சமூகத்தின் சக்திகள் அதை உருவாக்குகின்றன என்ற எண்ணம் ஒரு மாணவனுக்கு அங்கே கிடைத்தது.

2022இல் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட நீக்கங்களில் இந்த அத்தியாயம் முழுமையாக அகற்றப்பட்டது. அதற்கு முந்தைய அத்தியாயமான உலகமயமும் சமூக மாற்றமும் என்பதும் உடன் போயிற்று. முகலாயர் பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டது குறித்தும், குஜராத் படுகொலை பற்றிய குறிப்புகள் மறைக்கப்பட்டது குறித்தும் நாடு முழுவதும் விவாதம் எழுந்தது, எழ வேண்டியதே. ஆனால் ஊடகமும் உலகமயமும் அருகருகே நின்று ஒன்றாக வெளியேறியதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. இன்று அந்நூலில் மிஞ்சியிருப்பவை ஆறு அத்தியாயங்கள்.

அதே வேளையில் ஊடகம் பள்ளியை விட்டுப் போய்விடவும் இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மேல்நிலை வகுப்புக்குரிய திறன் பாடங்களின் பட்டியலில் வெகுமக்கள் ஊடகக் கல்வி என்னும் பாடம் இருக்கிறது. 2025க்குள் மாணவர்களில் குறைந்தது 50 விழுக்காட்டினருக்குத் தொழிற்கல்வி அனுபவம் என்ற இலக்கை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அறிவித்த பின், இத்தகைய பாடங்களுக்கு மவுசு கூடியுள்ளது. ஆக, கேள்வி கேட்கும் பாடம் சமூகவியலிலிருந்து வெளியே. வேலைக்குத் தயார்ப்படுத்தும் பாடம் திறன் பட்டியலுக்குள்ளே. ஊடகம் என்ற ஒரே சொல் இரு பாடங்களிலும் இருப்பதால் இந்த இடமாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேமராவும் தொழிற்சங்கமும்

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க விரும்புகிறேன். திறன் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது நம் வேலையன்று. கேமராவைப் பிடிக்கவும், ஒலியைப் பதிவு செய்யவும், காட்சிகளைத் தொகுக்கவும், நல்ல தமிழில் ஒரு செய்தியை எழுதவும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய நகரங்களின் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளில் இந்த வசதிகள் தாராளம். தாராவியிலோ திரிலோக்புரியிலோ உள்ள பிள்ளைக்கு அது வாய்ப்பதில்லை. கை வேலையைத் தாழ்வாகக் கருதும் சாதிய மனோபாவம் நம் வாதங்களுக்குள் வேறு வேடத்தில் நுழைந்துவிடக் கூடாது.

ஆட்சேபனை வேறு இடத்தில் இருக்கிறது. மேல்நிலைத் திறன் பாடங்கள் எல்லாவற்றிலும் வேலை பெறும் தகுதிகள் என்றொரு பொதுப்பகுதி உண்டு. தகவல் தொடர்பு, தன்மேலாண்மை, கணினி, தொழில்முனைவு, பசுமைத் திறன் என்று ஐந்து தலைப்புகள். தொழில்முனைவோர் ஆவது எப்படி என்று படிக்கும் மாணவன், தொழிலாளி ஆனால் தனக்கு என்ன உரிமை என்று படிப்பதில்லை. செய்தி நிறுவனத்தில் வேலைக்குச் செல்பவர்களில் எத்தனை பேர் முதலாளி ஆகிறார்கள்?

பத்திரிகையாளர் உரிமை என்று நாட்டில் இருந்தது என்ன என்பதைப் பாருங்கள். 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுப்பு, பணிநீக்கத்திற்கு முன் அறிவிப்பு ஆகியவற்றை அது வரையறுத்தது. ஊதியக் குழுக்களுக்கும் வழி செய்தது. அந்த வழியில் அமைந்த மஜீதியா குழுவின் பரிந்துரைகள் 2011இல் அறிவிக்கை ஆயின. பத்திரிகை முதலாளிகள் உச்சநீதிமன்றம் சென்றார்கள். 2014 பிப்ரவரியில் தோற்றார்கள். தோற்ற பின்பும் பல நிறுவனங்கள் முறையாகத் தரவில்லை என்று ஊழியர்கள் மீண்டும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சட்டமே இல்லை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று அதை விழுங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஒலிவாங்கியைப் பிடிக்கக் கற்றுத் தரும் பாடம் இதையும் சொல்லித் தர வேண்டாமா? சொல்லித் தராவிட்டால் அது செய்தித் தொழிற்சாலைக்கு மலிவான கைகளை அனுப்பி வைக்கும் பாடமாகவே இருக்கும்.

என்ன படிக்க வேண்டும்?

முதலில் உடைமை. இந்தப் பத்திரிகை, இந்த அலைவரிசை யாருடையது என்ற கேள்வி. 2014இல் நெட்வொர்க்18 குழுமம் ரிலையன்ஸ் வசம் சென்றது. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2024 நவம்பரில் ரிலையன்சும் டிஸ்னியும் இந்தியாவில் தத்தம் தொலைக்காட்சி வணிகத்தை இணைத்தன. கிரிக்கெட் ஒளிபரப்பின் பெரும்பகுதி ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது. இவை பொருளாதாரப் பாடத்தில் ஏகபோகம் என்ற அத்தியாயத்திற்கு எடுத்துக்காட்டாக வைக்கத் தக்கவை. துறைமுகமும், நிலக்கரியும், விமான நிலையமும், செய்தியும் ஒரே குழுமத்தின் கையில் இருந்தால், துறைமுகத்தால் வாழ்விழக்கும் மீனவரைப் பற்றிய செய்தி என்ன ஆகும் என்று பதினேழு வயது மாணவர் தானே யோசித்துக் கொள்வார். நாம் கோஷம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இதற்கு எதிரே வைக்க ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வங்கக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று கூறியது. வழக்கு கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றியது என்பதால் மாணவர்களுக்கு அலுப்புத் தட்டாது. பொதுச் சொத்து என்று சொல்லப்பட்ட ஒன்று முப்பது ஆண்டுகளில் யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தேடச் சொன்னால், ஒரு பருவத்திற்கான செயல்திட்டம் தயார்.

அடுத்தது வருமானம். செய்தித்தாளின் விலை அதன் தாள் செலவுக்கே போதாது. விளம்பரம்தான் அதை நடத்துகிறது. விளம்பரம் செய்தியின் உடுப்பையே அணிந்து வந்த கதையும் உண்டு. 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது, ஒன்றோடொன்று போட்டியிடும் மராத்தி நாளேடுகளில் ஒரே தலைவரைப் புகழும் ஒரே கட்டுரை சொல் மாறாமல் வெளிவந்ததைப் பி. சாய்நாத் எடுத்துக் காட்டினார். பணம் பெற்று வெளியிட்ட செய்தி என்பது பொதுப் பேச்சாயிற்று. இந்தியப் பத்திரிகை மன்றம் ஒரு துணைக்குழுவை அமைத்தது. அக்குழு பெயர்களோடு விரிவான அறிக்கை தந்தது. மன்றமோ 2010இல் பெயர்களை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே போராடிய பின்னரே முழு அறிக்கை வெளிவந்தது. இதை வகுப்பில் கற்பிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரே நாளின் மூன்று நாளேடுகளும் ஒரு கத்தரிக்கோலும் போதும்.

வரலாறும் வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் என்றால் ஆசிரியர்களின் சிறைவாசம் மட்டுமே பாடநூல்களில் பேசப்படுகிறது. 1908இல் கேசரியில் எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகருக்கு ஆறு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாள் தொடங்கி ஆறு நாட்கள், ஆண்டுக்கு ஒரு நாளாக, மும்பை ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவம் சுட்டது, தொழிலாளர்கள் மாண்டார்கள். லெனின் அந்த வேலைநிறுத்தத்தை இந்தியப் பாட்டாளி வர்க்கத்தின் அரசியல் விழிப்பாகக் குறித்தார். ஒரு பத்திரிகையைப் படிக்க முடியாத, பிறர் படிக்கக் கேட்ட உழைப்பாளிகள் அதன் ஆசிரியருக்காகக் குருதி சிந்தினார்கள் என்பதை மாணவர்கள் அறிந்தால், வாசகன் என்ற சொல்லுக்கு அவர்கள் தரும் பொருள் மாறும்.

நம் காலத்துக்கு வருவோம். 2020 நவம்பர் இறுதியில் தில்லி எல்லைகளில் விவசாயிகள் அமர்ந்தபோது, தொலைக்காட்சிகள் பல அவர்களைக் காலிஸ்தானிகள் என்றன. முகாம்களுக்கு வந்த நிருபர்களை விவசாயிகள் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். மடியில் அமர்ந்த ஊடகம் என்ற பொருள்படும் ‘கோதி மீடியா’ என்ற சொல் அட்டைகளில் ஏறியது. கேள்வியோடு நின்றுவிடாமல், டிசம்பர் 18 அன்று பஞ்சாபியிலும் இந்தியிலும் டிராலி டைம்ஸ் என்ற சொந்த ஏட்டை வெளியிட்டார்கள். டிராக்டரின் பின்னால் கட்டிய டிராலியில் தூங்கி எழுந்தவர்களின் ஏடு என்பதால் அந்தப் பெயர். சிங்குவிலும் டிக்ரியிலும் வெவ்வேறு முகாம்களில் இருந்தவர்களுக்கு அடுத்த முகாமில் என்ன நடக்கிறது என்று அது சொன்னது. முதியவர்களுக்கு இளைஞர்கள் உரக்கப் படித்துக் காட்டினார்கள். நாலு பக்கத் தாளில் செய்தி, கவிதை, படம் எல்லாம் இருந்தன. அதை நடத்தியவர்கள் இளைஞர்கள். செய்தியை எழுதத் தெரிந்ததும், செய்தியைச் சந்தேகிக்கத் தெரிந்ததும் அங்கே ஒரே கையில் சேர்ந்திருந்தன. மேல்நிலை வகுப்பு ஊடகப் பாடத்துக்கு மாதிரி எது என்று என்னைக் கேட்டால், நான் அந்த ஏட்டைத்தான் காட்டுவேன்.

உண்மைக்கு முத்திரை குத்துவது யார்?

பொய்ச் செய்தியைக் கண்டறியும் பயிற்சி என்ற அளவில் ஊடகக் கல்விக்கு இன்று எல்லோரும் ஆதரவு தெரிவிக்கிறார்கள். கேரளம் இதில் முன்னே சென்றது. தடுப்பூசி பற்றிய வதந்திகளால் அவதிப்பட்ட கண்ணூர் மாவட்டத்தில், 2018இல் அரசுப் பள்ளிகளில் இதற்கென வகுப்புகள் நடந்தன. பின்னர் மாநில அரசின் கைட் நிறுவனம் 19 லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இணையச் செய்திகளைச் சரிபார்க்கும் பயிற்சி அளித்தது. அம்மாநில மேல்நிலைக் கல்வியில் இதழியல் ஒரு விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. வரவேற்கத்தக்க முயற்சிகள் இவை.

ஆனால் சரிபார்த்தல் என்பதற்கு ஒன்றிய அரசு தரும் பொருள் வேறு. 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன் அலுவல்கள் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று தானே தீர்மானிக்கும் ஓர் அமைப்பை உருவாக்க அது முனைந்தது. வழக்கின் ஒரு தரப்பே நீதிபதியின் நாற்காலியில் அமர்வது போன்றது இது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதியின் கருத்தின்படி 2024 செப்டம்பரில் அத்திருத்தம் செல்லாது என்றாயிற்று. அதே ஆட்சிக் காலத்தில்தான் நியூஸ்கிளிக் இணையதளத்தின் ஊழியர்கள் வீடுகளில் 2023 அக்டோபர் 3 அன்று விடியற்காலையில் காவல்துறை புகுந்தது. அதன் ஆசிரியர் பிரபிர் புர்காயஸ்தா உபா சட்டத்தில் கைதானார். கைதே சட்டப்படி செல்லாது என்று கூறி 2024 மே 15 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. எனவே, அரசு முத்திரை இருந்தால் உண்மை, இல்லையேல் பொய் என்று ஒரு பாடம் எழுதப்படுமானால் அதைவிடப் பாடமே இல்லாதிருப்பது மேல்.

எதிர்த் திசையிலும் ஓர் அபாயம் உண்டு. எல்லாப் பத்திரிகையும் பொய், எல்லாச் செய்தியும் விலைக்கு வாங்கப்பட்டது என்று மாணவர் நினைக்கத் தொடங்கினால் அது விழிப்புணர்வு ஆகாது. எதையும் நம்பாதவன் கடைசியில் தன் சாதிக்காரன் அனுப்பியதை நம்புகிறான். ரயின்பாடாவில் கூடியவர்கள் நாளேட்டை நம்பி வரவில்லை. பட்டினியையும், விவசாயிகள் தற்கொலையையும், துப்புரவுத் தொழிலாளர் சாவையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த நிருபர்கள் இந்நாட்டில் இருந்தார்கள், இருக்கிறார்கள். நல்ல செய்தி ஒன்று எப்படிச் செய்யப்படுகிறது, எத்தனை பேரிடம் கேட்டு, எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதை அறிந்தவனுக்கே மோசமான செய்தி அடையாளம் தெரியும்.

இனி நம் கோரிக்கை. நீக்கிய அத்தியாயம் திரும்ப வர வேண்டும். திறன் பாடத்தில் உடைமை, வருமானம், தொழிலாளர் உரிமை ஆகிய மூன்றும் சேர வேண்டும். இவற்றில் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். மூன்றாவதாக நான் சொல்வதை விவாதியுங்கள். ஊடகத்தைத் தனி விருப்பப் பாடமாக வைத்தால் வசதியுள்ள சில பள்ளிகளே அதை நடத்தும். அறிவியல், வணிகப் பிரிவு மாணவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலைக்கூட மிதிக்க மாட்டார்கள். மொழிப்பாடம் மட்டுமே எல்லோருக்கும் பொது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு இந்திப் பாடத்தில் ‘அபிவ்யக்தி ஔர் மாத்யம்’ என்று ஒரு நூல் இருக்கிறது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற கேள்விகளில் தொடங்கி நாளேட்டுக்கும் வானொலிக்கும் எழுதுவதைக் கற்பிக்கிறது. தில்லியில் படிக்கும் நம் தோழர்களின் பிள்ளைகள் சிலர் அதைப் படித்திருப்பார்கள். அதுபோன்ற நூல், இன்னும் துணிவோடு எழுதப்பட்டு, தமிழ் உள்ளிட்ட எல்லா மொழிப்பாடங்களிலும் ஏன் இருக்கக் கூடாது? ஆங்கிலத்தில் மட்டும் ஊடகக் கல்வி நடந்தால், வாட்ஸ்அப்பில் தமிழிலும் மராத்தியிலும் வரும் பொய்யை அது தொடவே தொடாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் படிப்பகங்களில் வாரத்துக்கு ஒரு மாலை மேல்நிலை மாணவர்களுக்கு ஒதுக்க முடியும். அப்படி ஒதுக்கினால் ஒன்றுக்கு ஆயத்தமாக இருங்கள். உடைமையைப் பற்றிக் கேட்கக் கற்ற பிள்ளை, மூன்றாவது வாரமே நம் ஏட்டை எடுத்து வைத்துக் கொண்டு, இதற்குப் பணம் யார் தருகிறார்கள், கட்சிக்கு எதிரான செய்தியை இது வெளியிடுமா என்று கேட்கும். முதல் கேள்விக்கு நம்மிடம் நேரான விடை உண்டு: சந்தாவும், உண்டியலும், உறுப்பினர் லெவியும். கணக்கைக் காட்டலாம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும்போது, இது ஒரு கட்சியின் ஏடு, தொழிலாளி வர்க்கத்தின் பக்கம் நின்று எழுதுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நடுநிலை என்று பெயர்ப்பலகை மாட்டிக் கொண்டு முதலாளியின் பக்கம் நிற்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் புரிந்து கொள்வார்கள். புரியாவிட்டால் விவாதிக்கட்டும். கேள்வி கேட்டதற்காக அவர்களைக் கடிந்து கொள்ளாதீர்கள்.

உங்கள் இருக்கையில் வைக்கப்பட்டுள்ள தாளில் ஆறு பயிற்சிகள் இருக்கின்றன. கராச்சிக் காணொளி முதல் பயிற்சி. நாளேடுகளை வெட்டி ஒப்பிடுவது இரண்டாவது. ஆசிரியத் தோழர்கள் தத்தம் வகுப்பில் நடத்திப் பார்த்து, எது எடுபட்டது, எங்கே மாணவர் திகைத்தார் என்று எழுதி அனுப்புங்கள். ஐந்தாவது பயிற்சியின் மொழி கடினமாக இருப்பதாக இரண்டு தோழர்கள் இப்போதே சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருத்திய பின் இந்தியிலும் மராத்தியிலும் கன்னடத்திலும் பெயர்க்கலாம். பெயர்க்கக் கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.